பிராங்க்பர்ட் ஏர்போர்ட்: ராத்திரி முழுக்கத் தூங்காமல் காலையில் இறங்குகிறவருக்கு எப்படி?

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்திலிருந்து ஜெர்மனிக்குப் போகிறவர்களில் மூன்று கூட்டத்தை எளிதாக அடையாளம் காணலாம். மேல்படிப்புக்குப் போகும் பிள்ளைகள், தோல், ஷூ வியாபாரமாகப் போகிறவர்கள், அங்கே வேலையில் இருக்கும் மகனையோ மகளையோ பார்க்கப் போகும் பெற்றோர். இவர்களில் பலருக்கு முதல் வாசல் பிராங்க்பர்ட். இந்த விமர்சனம் அந்த விமான நிலையத்தை ஒரே கோணத்தில்தான் பார்க்கிறது. முந்தின நாள் காலையில் வேலூரில் எழுந்தவர், இரவெல்லாம் கண் மூடாமல், இரண்டு பெரிய பெட்டியோடு அங்கே இறங்கினால் அந்த இடம் அவருக்கு எவ்வளவு கைகொடுக்கிறது? கடைகளின் அழகும் லவுஞ்சின் சொகுசும் இங்கே பேச்சில்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ரயில், மருந்துக்கடை, சாப்பாடு, தண்ணீர் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதில் பிராங்க்பர்ட்டுக்கு நல்ல மதிப்பெண். வந்து இறங்கியவர் நாலு மணி நேரம் நீட்டிப் படுக்க இடம் தருவதில் மதிப்பெண் குறைவு. கையில் இருக்கும் காசை எங்கே போடலாம் என்று கேட்டால், கழுத்துத் தலையணையில் வேண்டாம், இறங்கிய பிறகு படுக்கப்போகும் கட்டிலில் போடுங்கள் என்போம்.

தூக்கம் எங்கே தொலைகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். சென்னையிலிருந்து லுஃப்தான்சாவின் நேரடி விமானம் நள்ளிரவு தாண்டிக் கிளம்பி, அங்கே காலையில் இறக்குகிறது. மூன்று மணி நேரம் முன்னதாக மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும் என்றால் வேலூரை மாலை ஏழு மணிக்குள் விட வேண்டும். தூரம் 135 கிலோமீட்டர் பக்கம். வாலாஜாவுக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவே சாலை அகலப்படுத்தும் இடத்தில் ஒரு லாரி மடங்கினால் ஒரு மணி நேரம் போய்விடும். ஒரு பெட்டியோடு தனியாகப் போகும் பிள்ளைகளுக்குக் காட்பாடியில் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, நீல வழித்தட மெட்ரோவில் நேராக ஏர்போர்ட் போவதே மேல். மெட்ரோ இரவு 11 மணி வாக்கில் நின்றுவிடும் என்பதை மட்டும் மனதில் வைக்க வேண்டும். பெற்றோருக்குக் கார்தான் சரி.

விமானத்தில் இருப்பது பத்து மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். ஏறியதும் சாப்பாடு, தட்டு எடுப்பது, விளக்கு அணைப்பது என்று முதல் ஒன்றரை மணி நேரம் போகும். இறங்க இரண்டு மணி நேரம் இருக்கும்போது விளக்கைப் போட்டுக் காலை உணவு தருவார்கள். ஆக, தூங்கக் கிடைப்பது மிஞ்சி மிஞ்சிப் போனால் ஆறரை மணி நேரம். அதையும் உட்கார்ந்த நிலையில், எஞ்சின் இரைச்சலில், பக்கத்து சீட்டுக்காரர் எழும்போதெல்லாம் கால் மடக்கித் தூங்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு வருவது கோழித் தூக்கம்தான். உங்கள் தூக்கத்தை விட இரண்டு சாப்பாடும் பெரியதில்லை. வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போய், முதல் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினால் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். போர்வைக்கு மேலே பெல்ட்டைப் போட்டுக்கொண்டால் குலுக்கல் வரும்போது யாரும் எழுப்பிப் பார்க்க மாட்டார்கள்.

சாமான் விஷயத்தில் இரண்டு சொல்லலாம். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் நுரைக் காதடைப்பான், விலை சில பத்து ரூபாய்தான். விரலால் உருட்டி மெல்லிசாக்கி, மறுகையால் காது மடலை மேல்நோக்கி இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, அது விரியும் வரை அரை நிமிஷம் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். சும்மா காது வாசலில் சொருகினால் பயனே இல்லை. இரண்டாவது, முழங்கால் வரை வரும் அழுத்தக் காலுறை. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில் தெரிந்தது. ஆபத்து அப்போதும் சிறியதுதான். ஆனாலும் வயதானவர்கள், கர்ப்பிணிகள், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள் டாக்டரிடம் கேட்டு, கெண்டைக்கால் சுற்றளவு அளந்து வாங்க வேண்டும். கால் ரத்த ஓட்டமே குறைவாக உள்ள சர்க்கரை நோயாளிகள் கேட்காமல் போடக் கூடாது. கழுத்துத் தலையணை, கண் மூடி எல்லாம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை. தூக்கம் வருமென்று சளி மாத்திரை போடுவதை மட்டும் விட்டுவிடுங்கள். அதன் மயக்கம் இறங்கிய பிறகும் பல மணி நேரம் தலையில் நிற்கும். தலை தெளிவாக இருக்க வேண்டிய நேரமே அதுதான்.

இறங்கியதும் வரும் முதல் சோதனை இமிக்ரேஷன் வரிசை. பல கண்டத்து விமானங்கள் காலையில் ஒன்றின் பின் ஒன்றாக வந்து இறங்குவதால் அந்நேரம் கூட்டம் அதிகம். விமானத்தை விட்டு வெளியே வந்ததும் முதலில் கண்ணில் படும் கழிவறைக்குப் போய்விட்டு நிதானமாக வந்தால், அதற்குள் வரிசை இரண்டு மடங்காகியிருக்கும். ஆகவே அதை விமானம் இறங்கத் தொடங்கும் முன்பே முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம். 2025 அக்டோபரிலிருந்து குறுகிய காலம் தங்க வருகிறவர்களின் முகப் படத்தையும் விரல் ரேகையையும் ஐரோப்பிய எல்லையில் கணினியில் பதிகிறார்கள். 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ரேகை கிடையாது. படிக்கவோ வேலைக்கோ நீண்டகால விசாவில் போகிறவர்களுக்கு இந்தப் பதிவு இல்லை. பெற்றோருக்கும் வியாபாரிகளுக்கும் உண்டு. ரேகை தேய்ந்த விரல்கள், மருதாணி போட்ட விரல்கள் இயந்திரத்தில் ஒரே தடவையில் பதிவதில்லை. கிளம்பும் வாரத்தில் மருதாணியைத் தவிர்ப்பது நல்லது.

அதிகாரி கேட்பது எளிய கேள்விகள்தான். எதற்கு வந்தீர்கள், எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள், செலவுக்கு என்ன வழி. தூக்கமில்லாத மூளைக்கு இதுகூடத் தடுமாறும். போனில் ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டு நிற்காமல், எல்லாவற்றையும் காகிதத்தில் எடுத்து, கேட்கும் வரிசையிலேயே ஒரு ஃபைலில் போட்டுக் கைப்பையில் வையுங்கள். மாணவர் என்றால் பல்கலைக்கழகச் சேர்க்கைக் கடிதம், முடக்கக் கணக்குச் சான்று (அங்கே தங்கும் செலவுக்கு முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் 'பிளாக்டு அக்கவுன்ட்'; 2024 செப்டம்பர் முதல் வருஷத்துக்கு 11,904 யூரோ), இன்ஷூரன்ஸ், தங்கும் முகவரி. பெற்றோர் என்றால் மகன் அல்லது மகளின் அழைப்புக் கடிதம், அவர்களுடைய முகவரியும் போன் நம்பரும், திரும்பும் டிக்கெட், பயண இன்ஷூரன்ஸ். இங்கிலீஷ் பேச வராத பெற்றோர் அந்த ஃபைலை அப்படியே நீட்டினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அடுத்து பெட்டி. பெட்டி வரவில்லை என்றால் வெளியே போகும் முன், பெல்ட் இருக்கும் அந்தக் கூடத்திலேயே விமானக் கம்பெனியின் பெட்டிக் கவுன்டரில் எழுதிக் கொடுத்து நம்பர் வாங்கிக்கொள்ள வேண்டும். கஸ்டம்ஸில் சொல்ல எதுவும் இல்லாதவர்கள் போகும் பச்சை வழியைத் தாண்டி வெளியே வந்துவிட்டால் திரும்ப உள்ளே போவது பெரிய பாடு. பெட்டி உடைந்திருந்தால் 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்தால் கைக்குக் கிடைத்த 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் தர வேண்டும் என்பது சர்வதேச விதி. தூக்கக் கலக்கத்தில் போர்டிங் பாஸையும் அதில் ஒட்டிய பெட்டிச் சீட்டையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். நம்பர் அதில்தான் இருக்கும். ஒரு நாளைக்கான மாற்றுத் துணியும் மாத்திரைகளும் எப்போதும் கைப்பையில் இருக்கட்டும்.

கஸ்டம்ஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நம் வீட்டுப் பெட்டிகளில் பிரச்சினை வருவதே இங்கேதான். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால்பொருளும் கொண்டுவரத் தடை. ஆம்பூர் பிரியாணியைப் பார்சல் கட்டினாலும், உப்புக்கண்டம் எடுத்துப் போனாலும், வீட்டில் உருக்கிய நெய்யை ஊற்றிக் கொடுத்தாலும் பறிமுதல்தான். ஆற்காடு மக்கன் பேடா கோவாவில் செய்தது. இனிப்பு என்று சொல்லித் தப்பலாமா, பால்பொருள் என்று பிடிப்பார்களா என்று அங்கே நின்று வாதாடும் தெம்பு அந்தக் காலையில் யாருக்கும் இருக்காது. அதை வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போங்கள். கறிவேப்பிலை, எலுமிச்சை, மாம்பழம், விதைகள் எல்லாவற்றுக்கும் தாவர நலச் சான்று கேட்பார்கள். அதுவும் இல்லாமல் முடியாது. கருவாடு பரவாயில்லை, மீன் வகைக்கு சொந்த உபயோகத்துக்கு 20 கிலோ வரை விலக்கு உண்டு. மசாலாப் பொடி, இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், பருப்பு, அப்பளம் தாராளமாகப் போகும். வளைகுடா வழியாகப் போகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். கசகசா ஐக்கிய அரபு அமீரகத்தில் போதைப்பொருள் பட்டியலில் வருகிறது. பிரியாணி மசாலாவிலும் குருமாப் பொடியிலும் கசகசா அரைத்துச் சேர்த்திருந்தால் துபாய், அபுதாபி வழியாகப் போகும் பெட்டியில் அந்தப் பொட்டலம் வேண்டவே வேண்டாம்.

ஆரணிப் பட்டு முதலிய பரிசுப் பொருள்களுக்கு விமானத்தில் வருகிறவர் ஒருவருக்கு 430 யூரோ மதிப்பு வரை வரியில்லை. அதற்கு மேல் இருந்தால் சிவப்பு வழியில் போய்ச் சொல்ல வேண்டும். 10,000 யூரோவோ அதற்கு மேலோ ரொக்கம் இருந்தாலும் அப்படியே. தோல் வியாபாரிகள் கண்காட்சிக்கு எடுத்துப் போகும் மாதிரித் தோல்களும் ஷூக்களும் சொந்தச் சாமான் கணக்கில் வராது. திரும்பக் கொண்டுவரப்போகும் சரக்கு என்றால் ஏடிஏ கார்னே எடுத்துக்கொண்டு போவது முறை. சரக்கை வரி கட்டாமல் தற்காலிகமாகக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவர உதவும் கஸ்டம்ஸ் புத்தகம் அது. இந்தியாவில் அதை ஃபிக்கி என்ற வர்த்தகக் கூட்டமைப்பு தருகிறது. அந்தப் புத்தகத்தில் சென்னையிலும் கஸ்டம்ஸ் முத்திரை வேண்டும், அங்கேயும் முத்திரை வேண்டும். சென்னை முத்திரையை விட்டுவிட்டு ஏறினால் திரும்பி வரும்போது அது உள்ளூரிலிருந்து போன சரக்கு என்று நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும்.

வெளியே வந்ததும் இரண்டு சின்னச் சங்கதி. ஜெர்மனியில் குழாய்த் தண்ணீர் குடிக்கலாம். காலி பாட்டிலைக் கழிவறைக் குழாயிலேயே நிரப்பிக்கொள்ளலாம், தயங்க வேண்டியதில்லை. கழிவறையில் ஹேண்ட் ஷவரோ மக்கோ இருக்காது, காகிதம்தான். அரை லிட்டர் பாட்டில் ஒன்று தனியாக வைத்திருந்தால் நம்மவர்களுக்கு நிம்மதி. நீண்ட விமானப் பயணத்தில் உள்ளே காற்று மிகவும் வறண்டிருக்கும், உதடும் தொண்டையும் காயும். இறங்கியதும் இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்தாலே தலைவலி பாதி குறையும். பயணத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு ஏதும் இருந்தால் மட்டும் ஓஆர்எஸ். 21.8 கிராம் பாக்கெட் ஒரு லிட்டருக்கு உரியது. அரை லிட்டர் பாட்டிலில் முழுப் பாக்கெட்டைக் கொட்டினால் உப்பு இரட்டிப்பாகி இன்னும் கெடுதல்.

இனி அந்தக் கட்டில் விஷயம். காலை எட்டு மணி வாக்கில் இறங்கி, ஒன்பதரைக்கு வெளியே வருகிறீர்கள். ஓட்டல்களில் அறை தருவது பெரும்பாலும் பிற்பகல் 3 மணிக்கு. மாணவர் விடுதி, வாடகை அறை என்றால் சாவி தருகிறவர் அலுவலக நேரத்தில்தான் இருப்பார். இடையில் ஐந்தாறு மணி நேரம் நடுத்தெருவில். இந்த இடைவெளியை நிரப்புவதில்தான் பிராங்க்பர்ட் சறுக்குகிறது. முதல் டெர்மினலில் மணிக்கணக்கில் அறை தரும் டிரான்சிட் ஓட்டல் ஒன்று இருக்கிறது, ஆனால் அது எல்லைச் சோதனைக்கு உட்புறம், அடுத்த விமானம் பிடிக்கிறவர்களுக்கானது. ஜெர்மனிக்குள் வந்துவிட்டவருக்கு அது உதவாது. பொதுக் குளியலறை உண்டு, காசு கட்டிக் குளிக்கலாம். குளித்தால் புத்துணர்ச்சி வரும், தூக்கம் தீராது. பெஞ்சுகளில் கைப்பிடி வைத்திருப்பதால் நீட்டிப் படுக்க முடியாது. பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே தூங்குவது திருடனுக்குச் சௌகரியம்.

நாங்கள் பரிந்துரைப்பது இரண்டு வழி. பிராங்க்பர்ட்டிலேயே தங்குகிறவர் என்றால், முந்தின இரவுக்கும் சேர்த்து ஓட்டல் அறை எடுத்துவிட வேண்டும். திங்கள் காலை இறங்குகிறவர் ஞாயிறு இரவிலிருந்து புக் செய்து, "திங்கள் காலை ஒன்பது மணிக்கு வருவோம், அறையைக் காலியென்று வேறு யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம்" என்று மெயில் எழுதிப் பதில் வாங்கி வைக்க வேண்டும். அந்த மெயில் இல்லாவிட்டால் இரவு வராத ஆள் என்று முன்பதிவையே ரத்து செய்யும் ஓட்டல்கள் உண்டு. கட்டணம் ஒரு நாள் கூடும்தான். இரண்டு பேர் பகிர்ந்தால் பெரிய பாரமில்லை. இன்னொரு வழி, ஏர்போர்ட்டை ஒட்டிய ஓட்டல்களில் பகல் நேரத்துக்கு மட்டும் அறை கேட்பது. ஷெரட்டன் முதல் டெர்மினலிலிருந்து நடைபாலத்தில் போகும் தூரம். ஹில்டன் நெடுந்தூர ரயில் நிலையத்துக்கு மேலே உள்ள கட்டடத்தில். இரண்டும் விலை அதிகம், ஆனால் பெட்டியோடு தெருவில் இறங்கவே வேண்டாம். வயதானவர்கள் அடுத்து நான்கு மணி நேர ரயில் பயணம் போக வேண்டும் என்றால் இந்தச் செலவு நியாயமானது. வேறு ஊருக்குப் போகும் இளைஞர்களுக்கு இது தேவையில்லை, ரயிலிலேயே ஒரு தூக்கம் போடலாம். போன் அலாரத்தை இறங்கும் நிலையத்துக்கு 15 நிமிஷம் முன்னால் வைத்துவிட்டுத் தூங்க வேண்டும்.

எதைச் செய்தாலும் அன்றைக்கு வாடகைக் கார் எடுத்து ஓட்டாதீர்கள். 17 முதல் 19 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் கையின் வேகமும் ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுவதாக ஆய்வில் கண்டிருக்கிறார்கள். ஜெர்மனியில் வண்டி ஓட்ட மது வரம்பே அந்த 0.05தான். வேலூரில் காலை ஆறு மணிக்கு எழுந்தவர் பிராங்க்பர்ட்டில் சாவியைக் கையில் வாங்கும்போது முப்பது மணி நேரத்தைத் தொட்டிருப்பார். போதாததற்கு சாலையின் வலப்பக்கம் வேறு ஓட்ட வேண்டும். வேகக் கட்டுப்பாடில்லாத நெடுஞ்சாலையில் போய் இதைச் சோதித்துப் பார்க்கக் கூடாது.

ரயில்தான் பிராங்க்பர்ட்டின் பெரிய பலம். முதல் டெர்மினலுக்கு நேர் கீழேயே உள்ளூர் ரயில் நிலையம். நெடுந்தூர ரயில்களுக்கு 1999-இல் திறந்த தனி நிலையம், மூடிய நடைபாதை வழியாகப் பெட்டியை இழுத்துக்கொண்டு பத்து நிமிஷம். மழையோ பனியோ மேலே படாது. ஊருக்குள் போக எஸ்8, எஸ்9 ரயில்கள். கால் மணிக்கு ஒன்று வரும், பிராங்க்பர்ட் பெரிய நிலையத்துக்கு 15 நிமிஷத்துக்குள் கொண்டுவிடும். இங்கே தூக்கமில்லாதவர் தவறுவது ஒரே இடத்தில்தான். இரண்டு திசைக்கும் ரயில் பெயர் எஸ்8, எஸ்9 என்றே இருக்கும். ஒரு பக்கம் ஆஃபன்பாக், ஹனாவ் என்று போட்டிருந்தால் அது பிராங்க்பர்ட்டுக்குள் போகும். வீஸ்பாடன் என்று போட்டிருந்தால் எதிர்த்திசை. நம்பரைப் பார்த்து ஏறாதீர்கள், கடைசி ஊர்ப் பெயரைப் பார்த்து ஏறுங்கள். தோல் தொழில்காரர்களுக்கு ஒரு தகவல். அதே ரயிலில் இறங்காமல் மேலே போனால் ஆஃபன்பாக் வரும். ஜெர்மனியின் பழைய தோல் நகரம் அது. 1917-இல் தொடங்கிய தோல் அருங்காட்சியகம் அங்கே உண்டு, 'லேடர்மியூசியம்' என்று அதன் பெயரிலேயே நிலையமும் உண்டு.

ரயில் நிலையத்தில் கேட் எதுவும் இருக்காது. டிக்கெட் இல்லாமலும் ஏறிவிடலாம் போலத் தோன்றும். சாதாரண உடையில் பரிசோதகர் வருவார், டிக்கெட் இல்லையென்றால் 60 யூரோ அபராதம், நேற்றுதான் வந்தேன் என்ற சமாதானம் எடுபடாது. மிஷினில் மொழியை இங்கிலீஷுக்கு மாற்றி, ஒற்றைப் பயண டிக்கெட் எடுத்தால் ஊருக்குள் போக ஆறேழு யூரோ ஆகும்.

நெடுந்தூர ரயிலில் போகிறவர்கள் டிக்கெட் வகையை வேலூரில் உட்கார்ந்தே சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். மலிவான ஸ்பார்பிரைஸ் டிக்கெட் குறிப்பிட்ட ஒரு ரயிலுக்கு மட்டும் செல்லும். விமானம் தாமதமாகி அந்த ரயிலைத் தவறவிட்டால் டிக்கெட் வீண், புதிதாக எடுக்க வேண்டும். ரயிலே 20 நிமிஷத்துக்கு மேல் தாமதமாகும் என்றால் மட்டும் வேறு ரயிலில் போகலாம். ஃப்ளெக்ஸ்பிரைஸ் டிக்கெட் விலை கூடுதல், அந்த நாளில் எந்த ரயிலிலும் ஏறலாம். மூன்றாவதாக, லுஃப்தான்சாவில் விமானமும் ரயிலும் ஒரே டிக்கெட்டாக எடுக்கும் வசதி இருக்கிறது. விமானம் தாமதமானால் அடுத்த ரயிலில் ஏற்றிவிடும் பொறுப்பு அவர்களுடையது. முதல் தடவை போகும் பிள்ளைகளுக்கு இதைத்தான் எடுத்துக் கொடுக்கச் சொல்வோம். ஸ்பார்பிரைஸ்தான் எடுப்பேன் என்றால், விமானம் இறங்கும் நேரத்துக்கும் ரயிலுக்கும் மூன்று மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். 2024-இல் ஜெர்மனியின் நெடுந்தூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன, அதுவும் ஆறு நிமிஷத் தாமதம் வரை நேரம் என்று கணக்கிட்டு. ஊர் போய்ச் சேர 60 நிமிஷம் தாமதமானால் கட்டணத்தில் கால் பங்கும், 120 நிமிஷம் ஆனால் பாதியும் திருப்பித் தருவார்கள். இரண்டு பெட்டியோடு போகிறவர் தனியாகக் காசு கட்டி இருக்கையையும் பதிவு செய்துவிட வேண்டும். இல்லையென்றால் நின்றுகொண்டே போகும் நிலை வரும். பிளாட்ஃபார்மில் ஏ, பி, சி என்று பகுதி பிரித்திருக்கும். நீங்கள் ஏற வேண்டிய ரயில் பெட்டி எந்தப் பகுதியில் நிற்கும் என்பதை மின்பலகையில் பார்த்து அங்கேயே நில்லுங்கள். சில சமயம் ரயில் பெட்டிகள் தலைகீழ் வரிசையில் வரும். அப்படியானால் ஓட வேண்டாம், கிடைத்த கதவில் ஏறி உள்ளேயே நடந்து போகலாம்.

பெற்றோருக்காக ஒரு வார்த்தை. ஐரோப்பிய விமான நிலையங்களில் நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி உதவி சட்டப்படி இலவசம். 48 மணி நேரம் முன்பே விமானக் கம்பெனியிடம் சொல்ல வேண்டும். சொல்லும்போது வகை முக்கியம். படி ஏற முடியும், தூரம் மட்டும் நடக்க முடியாது என்றால் டபிள்யூசிஹெச்ஆர். படியும் ஏற முடியாது என்றால் டபிள்யூசிஹெச்எஸ். சீட் வரை தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்றால் டபிள்யூசிஹெச்சி. முழங்கால் வலியுள்ள அம்மாவுக்கு முதல் வகையைப் போட்டுவிட்டால், விமானம் டெர்மினலை ஒட்டாமல் தள்ளி நின்று, படி இறங்கிப் பஸ் ஏறும்படி ஆனால் கஷ்டம் அவருக்குத்தான். சந்தேகமிருந்தால் இரண்டாவது வகையைக் கேளுங்கள். மொழி தெரியாதவர்களுக்கும் இந்த உதவியால் பெரிய நன்மை. இமிக்ரேஷன், பெட்டி, வாசல் என்று ஒருவர் கூடவே வந்து, காத்திருக்கும் பிள்ளையிடம் ஒப்படைப்பார்.

போன், பணம் விஷயத்தைச் சென்னையிலேயே முடித்துவிட வேண்டும். ஜெர்மனியில் பிரீபெய்டு சிம்முக்கு அடையாளச் சரிபார்ப்பு கட்டாயம், அந்தக் காலையில் அது வேண்டாம். இ-சிம் ஒன்றை ஊரிலேயே போட்டுக்கொண்டு, இந்திய நம்பரில் ரோமிங் திறந்து வையுங்கள், வங்கி ஓடிபி அதில்தான் வரும். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைப் பேங்க் ஆப்பில் திறந்திருக்கிறதா என்று பாருங்கள், புதுக் கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டும்தான் திறந்து வரும். அங்கே ஏடிஎம்மோ கடை மிஷினோ "ரூபாயில் கணக்கிடவா" என்று கேட்டால் வேண்டாம், யூரோவிலேயே என்று அழுத்துங்கள். ரூபாய் என்றால் அவர்கள் போடும் மாற்று விகிதம் நமக்கு நஷ்டம். நம் உருண்டை இரண்டு முள் பிளக் அங்கே பெரும்பாலும் பொருந்தும், மூன்று முள் பிளக் பொருந்தாது.

சாயங்காலம் தாக்குப்பிடிப்பதுதான் கடைசி வேலை. ஜெர்மனி கோடையில் நமக்கு மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் பின்னால். அங்கே மாலை ஆறரை என்றால் உடம்புக்கு இரவு பத்து, பதினொன்று. அப்போது படுத்தால் விடிகாலை இரண்டுக்கு விழிப்பு வந்து மறுநாளும் பாழ். பகலில் தூங்குவதானால் மதியத்துக்குள் ஒன்றரை மணி நேரம், அலாரம் வைத்து. காபி நண்பகலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாலை வெளிச்சத்தில் நடப்பது உடம்பின் கடிகாரத்தைப் பின்னால் தள்ள உதவும். ஜூனில் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருப்பதால் இது எளிது. டிசம்பரில் நாலரைக்கே இருட்டிவிடும், அப்போது வீட்டு விளக்குகளையெல்லாம் பளிச்சென்று போட்டுக்கொண்டு ஒன்பது வரை உட்கார்ந்திருக்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர்கள் நேர மாற்றத்துக்கு அளவை எப்படிப் பிரிப்பது என்று கிளம்பும் முன்பே தங்கள் டாக்டரிடம் எழுதி வாங்கிவர வேண்டும். இதைத் தாங்களே தீர்மானிக்கக் கூடாது.

டிக்கெட் எடுக்கும்போது கிழமையைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் ஊர்க் கடைகள் எல்லாம் மூடியிருக்கும். ஏர்போர்ட்டிலும் பெரிய ரயில் நிலையங்களிலும் உள்ள கடைகள்தான் திறந்திருக்கும். ஞாயிறு இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால், ரயில் ஏறும் முன் அங்கேயே பால், ரொட்டி, தயிர், வாழைப்பழம், இரவுக்கும் மறுநாள் காலைக்கும் வேண்டியதை வாங்கிக்கொள்ளுங்கள். பாராசிட்டமால்கூட அந்த நாட்டில் சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்காது, அப்போதெக்கே என்று எழுதிய மருந்துக்கடையில்தான் கிடைக்கும். அதனால் ஊரிலிருந்தே ஒரு அட்டை எடுத்துப் போங்கள். இரவில் உடம்புக்கு முடியாமல் போனால், உயிருக்கு ஆபத்தான நிலைக்கு 112, மற்றதற்கு டாக்டர் ஆலோசனைக்கு 116117. இந்த இரண்டு எண்ணையும் பெற்றோரின் போனில் கிளம்பும் முன்பே பதிந்து கொடுத்துவிடுங்கள்.